எதிராளிக்கும் சேர்த்து வாதாடிய தலைவர்

அம்மாவின் ஒரே தம்பியும், அச்சகத்தின் ஒரே முதலாளியும், ஊரார் பிழையெல்லாம் திருத்திவிட்டு என்னை மட்டும் திருத்த முடியாமல் கைவிட்டவருமான மாமா அவர்களுக்கு, மருமகன் பணிவோடு (இந்த வரி வரைக்கும்) எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், சோபாவைத் தவிர. அங்கே நீங்கள், அத்தை, குட்டிப் பாப்பா, அச்சு இயந்திரம் நால்வரும் வழக்கமான சத்தத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு துயரச் செய்தி. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நம் வீட்டு முன்னறையில் நெடுங்காலம் பணியாற்றிய பச்சைச் சோபா நேற்று மாலை இயற்கை எய்தியது. மூன்று பேருக்கென்று பிறந்து ஏழு பேரைச் சுமந்து உயிர்விட்ட அந்தத் தியாகிக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்றால், அப்பா நகரசபைத் தலைவர் ஆகிவிட்டார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சோபா குறுக்கே வந்துவிட்டது. வாழ்த்த வருகிறவர்களில் ஒல்லியானவர் ஒருவர்கூட இல்லை, மாமா. அம்மா இப்போது வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டுகிறாள்.

"டேய், உங்கப்பாவுக்கு ஒரு பாராட்டு மலர் போடறேன். வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் வேணும். அவரையே கேட்டா புத்தகமாக் குடுப்பார், நீ எழுது" என்று போனில் சொன்னீர்கள் அல்லவா? இதோ எழுதிவிட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னைப் பற்றிய இடங்களில் மட்டும் அடக்கி வாசித்திருக்கிறேன்.

அப்பா பிறந்ததும் மற்றக் குழந்தைகளைப்போல அழவில்லையாம், ஆட்சேபித்தாராம். இது பெரியப்பாவின் வாக்குமூலம். பிறகு சட்டம் படித்தார், கறுப்புக் கோட்டு மாட்டினார், கோட்டு சாம்பல் நிறமாகும்வரை வாதாடினார். அவருக்கு வாய் வாய்த்தது, வாய்தாவும் வாய்த்தது. அவரிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. எந்த வழக்கானாலும் முதலில் எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட அழகாகச் சொல்லிவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீலே "அட, இது எனக்குத் தோணலையே" என்று குறிப்பெடுத்துக்கொள்வாராம். அதன் பிறகு தொண்டையைச் செருமி "ஆனால்" என்பார். அந்த "ஆனால்" வந்தால் எதிராளியின் கோட்டை செங்கல் செங்கலாக இறங்கும். வீட்டிலும் இதே கதைதான். நான் அடித்த பந்து அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்தபோது, முதலில் ஜன்னலுக்காக அப்பா பேசினார். கேட்டு எனக்கே கண் கலங்கி, ஜன்னலிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றிவிட்டது. அடுத்து எனக்காகப் பேசத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா தீர்ப்பைச் சொல்லி, தண்டனையையும் முதுகில் நிறைவேற்றிவிட்டாள்.

இப்படிப்பட்டவர் அரசியலுக்கு ஏன் வந்தார்? கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தால். நான் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து வளர்ந்த மைதானம். அதை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறோம் என்று பழைய நகரசபை கிளம்பியது. கட்டப்போகிறவர் கான்ட்ராக்டர், நகரசபையில் எங்கள் வட்டாரத்து உறுப்பினரும் அவரே. பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அப்பாவிடம் வழக்குக் கொண்டுபோனோம். அப்பா காசு வாங்காமல் வாதாடினார். கடைசியில் நீதிபதி, "இது சபை முடிவு பண்ண வேண்டிய விஷயம், கோர்ட் இல்ல" என்று கையைக் கழுவிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டினார். "சபைதான் முடிவு பண்ணணும்னா, நான் சபைக்கே போறேன்" என்றார்.

"மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னாலே மூணு வாய்தா கேப்பீங்க. இதுல சபைக்கா?" என்றாள் அம்மா.

ஆனாலும் போனார். ஒரு குட்டிக் கட்சி அவரை நிறுத்தியது. மொத்தக் கட்சியும் ஒரே காரில் அடங்கிவிடும், டிரைவர் மட்டும் கான்ட்ராக்டருக்கு ஓட்டுப் போடுகிறவர். அதுவரை அப்பாவைத் தேடி வந்த கட்சிக்காரர்கள் பீஸ் கொடுத்தார்கள். இப்போது வந்த கட்சிக்காரர்கள் டீ கேட்டார்கள். கான்ட்ராக்டர் ஜெயித்தால் மறுவாரமே மைதானத்தில் இயந்திரம் இறங்கும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே இது அப்பாவின் தேர்தல் மட்டுமல்ல, எங்கள் கால்களின் தேர்தல்.

முதல் கூட்டம் தையல்கடை முக்கில். அப்பா மைக்கைப் பிடித்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார். சரி, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு, கார் நிறுத்த இடமில்லாமல் கடைக்காரர்கள் படும் பாட்டை எடுத்தார் பாருங்கள்! ஆம்புலன்ஸ் சந்தில் நுழைய முடியாமல் அலறுவதைச் சொன்னார், வயதானவர்கள் வெகுதூரத்தில் இறங்கி மூட்டுவலியோடு நடந்து வருவதைச் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது. தையல்காரர் எழுந்து, "சார், நீங்க சொல்றது ரொம்ப நியாயம். அப்ப நாங்க கான்ட்ராக்டருக்கே போட்டுடறோம்" என்று கும்பிட்டுவிட்டுக் கடை சாத்தப் போய்விட்டார். அப்பா "ஆனால்" என்று செருமியபோது கேட்பதற்கு நாங்களும் ஒரு நாயும்தான் மிச்சம். நாயும் கட்சிக்காரருடையது. மறுநாள் கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து அப்பாவுக்கு ஒரு பூங்கொத்து வந்தது.

அப்பாவின் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கோர்ட்டுல ஜட்ஜ் பாதியில எழுந்து போக முடியாது. இங்க போயிடுவாங்க சார்! நேரா நம்ம பக்கத்தப் பேசிடுங்களேன்."

"எதிர்த்தரப்பக் கேக்காம தீர்ப்புச் சொல்லச் சொல்றியா?" என்று அப்பா ஏதோ கொலைக்குத் துணைபோகச் சொன்னமாதிரி பார்த்தார்.

இந்த இடத்தில்தான், மாமா, வரலாறு என் பக்கம் திரும்புகிறது. நான் மைக்செட் அண்ணனைக் கைக்குள் போட்டுக்கொண்டு அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா எதிராளிக்காக வாதாடத் தொடங்கியதும் சுவிட்சை அமுக்கிவிடுவேன். அவர் வாய் அசையும், ஊருக்குக் கேட்காது. நான் ஒயரைத் தட்டுவேன், முறைப்பேன், வியர்வையைத் துடைப்பேன். அப்பா தொண்டையைச் செருமுவது தெரிந்ததும் சுவிட்சைத் தட்டுவேன். "ஆனால்!" என்று ஒலிபெருக்கிக் குழாய் இடிமுழக்கம் செய்யும். தெருத்தெருவாக இதே நாடகம். அப்பா பாவம், "எல்லாச் சாட்சியும் ஒழுங்காச் சொல்லுது, இந்த மைக் மட்டும் பிறழ்சாட்சியாவே இருக்கு" என்று புலம்புவார். நான் அனுதாபத்தோடு தண்ணீர் நீட்டுவேன்.

கடைசிக் கூட்டம் மைதானத்திலேயே நடந்தது, நல்ல கூட்டம். தேர்தலும் நடந்தது, அப்பா ஜெயித்தார்! சபைக்குள் போனால் அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் சம பலம், ஒருவர் ஆளை மற்றவர் தலைவராக ஒப்பவில்லை. கடைசியில் இரண்டு பேருமே, "நம்ம பக்கத்த நம்மளவிட நல்லாப் பேசறவர் இவர்தான்" என்று அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். முதல் தீர்மானமே மைதானம் மைதானமாகவே இருக்கும் என்பது. கோர்ட் வளாகத்தில் மாலைக்கு மேல் காலியாகக் கிடக்கும் இடத்தில் கடைக்குப் போகிறவர்கள் கார் விட்டுக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. கான்ட்ராக்டர்கூட வந்து கை குலுக்கினார். சோபாவின் இறுதி நிமிடங்களில் நடுவில் இருந்தவர் அவரே.

தலைவரை ஆக்கியது மக்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்களாவது உண்மையை அச்சிடுங்கள்: ஆக்கியது என் ஆள்காட்டி விரல். அதன் படத்தைத் தனியே அனுப்புகிறேன், முழுப்பக்கம் ஒதுக்கவும்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு என் சார்பில் ஒரு முத்தமும் ஒரு கிள்ளும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், முடிந்தால் பார்சலில்.

இப்படிக்கு,
தலைவரை உருவாக்கிய தங்கள் மருமகன்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை அச்சுக்கோக்கும் முன் இதையும் படித்துவிடுங்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் மைக்செட் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். மைதானத்து மறுகோடியில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைத் தலைகீழாகத் தட்டிவிட்டேன். கான்ட்ராக்டர் பக்கத்து வாதம் முழுசும் ஊர் முழுக்க ஒலித்தது. அப்பா "ஆனால்" என்றபோது கட். பதறிப்போய் நாலைந்து முறை தட்டியதில் பெட்டியிலிருந்து புகையே வந்துவிட்டது. அப்பா மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காது கேட்க வேண்டுமே என்று எல்லோரும் நெருங்கி வந்தார்கள். கான்ட்ராக்டரின் ஆட்களைப் பார்த்து, "உங்க பக்கத்துல நான் ஏதாவது விட்டுட்டேனா?" என்று கேட்டார். "இல்ல சார், எல்லாம் சொல்லிட்டீங்க" என்றார்கள். பிறகுதான் தன் பக்கத்தைச் சொன்னார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. "எதிராளி நியாயத்தையே இவ்வளவு அக்கறையாப் பேசற ஆளு, நம்ம குறையையும் காது குடுத்துக் கேப்பாருப்பா" என்று தையல்காரர் சொன்னதை நானே கேட்டேன்.

அப்பா ஜெயித்தது அந்த மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் ஓட்டால். குமாஸ்தா தெருவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நான் வெற்றிகரமாகச் சுவிட்ச் போட்ட தெருக்களில் எல்லாம் அப்பா தோற்றிருக்கிறார். ஒன்று பாக்கியில்லை. வாயசைத்துவிட்டுத் திடீரென்று கத்தும் மனுஷனை நம்பி யார் ஓட்டுப் போடுவார்கள் என்று அந்தத் தெருக்காரர்கள் கேட்டார்களாம்.

இதை அப்பாவிடம் ஒப்புக்கொள்ளத்தான் இன்று காலை அவர் அறைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள், "இரு, உன் தரப்ப நானே சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பா தோற்றுவிடக் கூடாதே என்கிற பயம், பிள்ளைப் பாசம், விளையாட்டுப் புத்தி என்று எனக்காக எவ்வளவு அழகாக வாதாடினார் தெரியுமா? நானே என்னை மன்னித்துவிட்டேன். அப்புறம் தொண்டையைச் செருமினார். நான் ஓடிவந்துவிட்டேன், மாமா. இதை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விரல் படம் வேண்டாம்.