தாய்மாமன் சீரும் ஒரு வால் சர்வோவும்

எனக்கு ஒரு வியாதி உண்டு, ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் என்னால் சும்மா விட முடியாது. கழற்றி, அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினால்தான் தூக்கம் வரும். (எங்கள் வீட்டு மிக்ஸியைப் பற்றி என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்.)

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. பாரம் கூடினால் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்த்துப் போடு என்பதுதான் எங்கள் தொழிலின் வேதம். அதை ரிமோட் ஹெலிகாப்டரில் பரீட்சித்துப் பார்த்த மகான் நான்.

ஹெலிகாப்டர் என் கை நீளம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே விடுவேன், சமர்த்தாகப் பறக்கும். அந்த நேரம் பார்த்து அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன்தான் தங்கத் தோடு கொண்டுவர வேண்டும், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவின் மாமியாரோ, கல்யாணத்திலிருந்தே எங்கள் வீட்டுச் சீரில் குறை கண்டுபிடித்து வருபவர். ஊரே வாயைப் பிளக்கும்படி தோட்டை வானத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

போனில் சொன்னதும் அக்கா கெஞ்சினாள்.

"சாமி, தோட்டை மட்டும் கையில கொண்டா. வேற எதைய வேணாலும் பறக்க உட்டுக்க."

"நீ சும்மா இரு, அக்கா. உன்ற மாமியாவுக்கு இனி வாயே தொறக்காது பாரு."

சோதனையாக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிப் பார்த்தேன். ஹெலிகாப்டர் இடுப்புயரத்துக்கு மேல் எழவில்லை. வேதம் நினைவுக்கு வந்தது. பெரிய மோட்டார் போட்டேன். அது பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது, பெரிய பேட்டரி போட்டேன். அந்த எடைக்குப் பிளாஸ்டிக் இறக்கை வளைந்தது, கார்பன் இறக்கை போட்டேன். இறக்கையைப் பிடிக்கும் தலைப்பாகம் ஆடியது, அலுமினியத்தில் மாற்றினேன். அதன் எடைக்கு இன்னும் பெரிய மோட்டார். கடைசியில் பார்த்தால், நான் சேர்த்த பலத்தில் பாதி, நான் சேர்த்த எடையைத் தூக்கவே சரியாக இருந்தது.

சேலத்தில் பாகங்கள் விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். "ஏனுங்க, மோட்டாரை இவ்வளவு பெருசா போடறீங்க. வாலைத் திருப்பாம நேரா புடிக்கற குட்டி மோட்டாரு, வால் சர்வோ, அதையும் மாத்தோணுமுங்க. இல்லீனா பம்பரமாட்டச் சுத்தீரும்" என்றார்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றேன். வால் பாரம் தூக்குகிறதா என்ன? (இதுதான் அன்றைய என் அறிவியல்.)

காதுகுத்து அன்று காலையில், ராசிபுரம் பக்கம் அக்கா ஊருக்குப் போனேன். பந்தல் வாசலில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் பிளக்ஸ் பேனர். (வைத்தது நானேதான்.) தோட்டு டப்பாவை அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்பு நூல் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். அதை ஹெலிகாப்டரின் அடியில் கட்டி, மேளம் ஒலிக்க, மரவள்ளிக் காட்டோரம் நின்று கிளப்பினேன்.

எழுந்தது. கூட்டம் கைதட்டியது. என் வாழ்க்கையின் உச்சம் ஏறக்குறைய ஆறு நொடிகள் நீடித்தது. பிறகு மோட்டாரின் முறுக்கில் வால் கைவிட, கடைக்காரர் சொன்ன பம்பரம் ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே பந்தல் வாசலுக்கு வந்து, பேனரில் சரியாக என் மூக்கைத் துளைத்து வெளியேறி, ஆளுயர மரவள்ளிக்குள் போய் விழுந்தது. யார்மேலும் படாதது என் முன்னோர் செய்த புண்ணியம்.

அக்காவின் மாமியார் நிதானமாகச் சொன்னார்: "ஏஞ்சாமி, சீரு எங்க ஊட்டத் தாண்டி அக்கட்டால போகுதாட்ட இருக்குது?"

காட்டுக்குள் ஓடினேன். ஹெலிகாப்டர் கிடைத்தது, டப்பா இல்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வேட்டி கிழிய, மண்ணைக் கையால் சலித்துத் தேடினேன். என் அலட்டலுக்காக அக்காவை அவள் புகுந்த வீட்டில் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று நினைத்ததும், போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டிக்கொண்டது.

அப்போது அக்கா வரப்பில் வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு தோடுகள்.

"டப்பாவுல ரெண்டு புளியங்கொட்டைதான் இருக்குது. எந்திரிச்சு வா, மடியில புள்ளைய வெக்கோணும்."

"ஏங்க்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ பறக்க உட ஆசப்பட்ட, உட்டேன். தோடும் பறக்கோணுமா என்ன?"

பந்தலுக்குத் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "தோட்டை என்ற தம்பி காத்தாலயே எங்கையில குடுத்துட்டானுங்க. இது சும்மா, கொழந்தைங்க பாக்கறதுக்காக உட்டது." யாழினி என் மடியில் வீறிட்டு அழுதாள். அவளைவிடச் சத்தமாக அழ எனக்குத் தோன்றியது. என் மானத்தை இவ்வளவு லாகவமாகத் தூக்கிப் பிடித்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வாரமே வால் சர்வோவை மாற்றினேன் என்பது வேறு விஷயம்.

பொங்கல் சமயத்தில் மரவள்ளி பிடுங்கினார்கள். நான் அங்கே போயிருந்தபோது, அக்காவின் மாமியார் ஒரு மண் படிந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சிவப்பு நூல் அவிழ்க்கப்பட்டிருந்தது.

"உங்க சீரு ஒண்ணு எங்க காட்டுல கெடந்துச்சு சாமி. கொறையுதான்னு எண்ணிப் பாத்துக்க."

எண்ணிப் பார்த்தேன். புளியங்கொட்டைகள் இரண்டும் இருந்தன. நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுச் சீரைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனால்கூட, இன்றைக்கும் வாசலில் நின்று ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பையை வாங்குகிறார்.