மந்திரித்த சூரிய மின்கலம்

ஆராய்ச்சி மாணவனைப் போலத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் பிராணி உலகத்தில் கிடையாது. நான் அதில் முதல் தரம்.

என் ஆராய்ச்சி பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம். கண்ணாடிச் சில்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத நானோ குச்சிகளை நாற்று மாதிரி நெருக்கமாக வளர்த்து, அவற்றின்மேல் பெரோவ்ஸ்கைட் என்கிற படிகப் பொருளைப் பூசினால் மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கும். கிடைத்தது. ஆனால் அந்தப் பூச்சுக்கு ஈரம் ஆகாது.

“மேல கண்ணாடி வச்சு ஒட்டிருடே” என்றார் என் நெறியாளர். ஒட்டினால் செயல்திறன் ஒரு பொட்டு குறைந்தது. (அந்த ஒரு பொட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.) ஒட்டாமலே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் திருவனந்தபுரத்தில் நிபுணர் குழுவிடம் காட்ட வேண்டும். தேறினால் உதவித்தொகை நீளும். அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து, இனி மீன்பிடிக்கக் கடலுக்கே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த உதவித்தொகையில்தான்.

காலையில் குளித்துவிட்டு வந்தால், டப்பா மாதா படத்தின் முன்னால் திறந்து கிடக்கிறது. கரும்பழுப்பாக இருந்த மின்கலங்கள் மாம்பழ மஞ்சளாகியிருந்தன. (மஞ்சளானால் பெரோவ்ஸ்கைட் செத்துவிட்டது என்று பொருள்.)

“எம்மா, என்னத்தச் செஞ்ச?”

“கொஞ்சம் மந்திரிச்ச தண்ணி தெளிச்சேன் மக்கா. புது வள்ளத்துக்கே தெளிக்கோம், இதுக்கு வேண்டாமா?”

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

“ஈரம் எப்படிப் பட்டது?” என்றார் குழுத் தலைவர்.

“மந்திரித்த தண்ணீர், சார்.”

குழுவிலிருந்த ஓர் அம்மையார் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உதவித்தொகை நின்றது.

அந்த மாதமே அப்பா வள்ளத்தில் ஏறினார். நாங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை. நான் டியூஷன் எடுக்கிறேன், அது போதவில்லை. “தப்பு எனக்கதும்மா, ஒட்டாம விட்டது நானாக்கும்” என்று எத்தனை சொல்லியும் அம்மா நம்புவதாக இல்லை.

இன்றும் அப்பா கிளம்பும்போது அம்மா கரையில் நின்று வள்ளத்தில் மந்திரித்த தண்ணீர் தெளிப்பாள்.

“ஏட்டி, பாத்துத் தெளி! வள்ளம் மஞ்சளாயிரப் போவுது!” என்று அப்பா கத்துவார். கரையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். வள்ளம் முகத்துவாரத்து அலையைத் தாண்டும்வரை அம்மா என் கையை விடுவதில்லை.