நல்ல குணமுள்ள அடைப்பு

எங்கள் டச்சு மொழியில் நோய்க்கும் குணம் உண்டு. புற்றுநோய் என்றால் 'கெட்ட குணமுள்ளது'. மற்றதெல்லாம் 'நல்ல குணமுள்ளது'. என் தம்பி வீப்ரனின் பித்தக்குழாயில் வந்தது நல்ல குணமுள்ள அடைப்பு. அது அவனை மஞ்சளாக்கி, ஓயாமல் சொறிய வைத்து, குளிர்காய்ச்சலில் தள்ளியது. மற்றபடி தங்கமான அடைப்பு.

வீப்ரன் கால்வாய்ப் பாலத்தைத் திறந்து மூடுபவன். திறக்கும்போதெல்லாம் காத்திருக்கும் சைக்கிள்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி. அரசர் பிறந்தநாளன்று ஊரே முகத்தில் அரச குடும்பத்து ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டு வந்தது. இவன் ஒன்றும் பூசாமலே பாராட்டு வாங்கினான்.

பழைய ஆபரேஷனில் குடலை மாற்றித் தைத்திருந்ததால் அடைப்பை வழக்கமான பாதையில் எட்ட முடியவில்லை.

"வாய் வழியா கேமரா குழாயை விட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இரைப்பைச் சுவர்ல ஓட்டை போட்டு, பித்தத்துக்குப் புது வழி விட்டுடலாம்," என்றார் டாக்டர். "சிகிச்சை ஒதுக்கீட்டு அலுவலகம் சம்மதிக்கணும்."

அங்கே அதிகாரி ஃப்ளோர் அம்மையார் காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் தந்து, டப்பாவை மூடினார்.

"கெட்ட குணமா, நல்ல குணமா?"

"நல்ல குணம்தான் மேடம்," என்றான் தம்பி, குற்றவாளி மாதிரி.

"வாழ்த்துக்கள். இந்தச் சிகிச்சை கெட்ட குணத்துக்கு மட்டும்தான். நல்ல குணத்துக்குப் பலிக்கும்னு ஆதாரம் இல்லை."

"ஏன் இல்லை?" என்றேன் நான்.

"யாருக்கும் செஞ்சதில்லையே."

"ஏன் செய்யலை?"

"ஆதாரம் இல்லையே. நல்ல குணம் காத்திருக்கும்மா."

"இன்னொரு காய்ச்சல் வந்தா இவன் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்றார்."

"வந்தா தெரிவியுங்க."

"விடுக்கா, அவங்க வேலையை அவங்க செய்றாங்க," என்றான் இவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும், "மரியாதையாவே செத்துப் போகப் போறியாடா?" என்று வறுத்தெடுத்தேன். சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது.

காய்ச்சல் வந்தது. தெரிவிக்கப் போனோம். காபி வந்தது, பிஸ்கட் வந்தது.

"இன்னும் நல்ல குணம்தானா?" என்றார் ஃப்ளோர் அம்மையார்.

வீப்ரன் சொறிவதை நிறுத்தினான். இத்தனை வருஷம் பாலத்தில் படகுக்காரர்களிடம் காதால் வாங்கிய வசவு மொத்தத்தையும் வாயால் இறக்கினான். பிஸ்கட் டப்பா சுவரில் மோதித் திறந்துகொண்டது. அந்த வார்த்தைகள் அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஃப்ளோர் அம்மையார் அசரவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ திருத்தினார்.

"குணம் கெட்டுப் போச்சு. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. வியாழக்கிழமை வந்துடுங்க."

வியாழக்கிழமை புது வழி போட்டார்கள். மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. தம்பி பழையபடி பாலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஆனால் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. முட்டிவலிக்காரர்கள்கூட வீட்டில் கெட்ட வார்த்தை பழகிக்கொண்டு போனார்கள். வருஷக் கடைசியில் அலுவலகம் அறிவித்தது: இவ்வட்டாரத்தில் நல்ல குணமுள்ள நோய்கள் அடியோடு ஒழிக்கப்பட்டன. அதற்கு விழா, ஆளுக்கொரு துண்டு கேக்.

நானும் போனேன். கண்புரைக்கு எனக்கொரு தேதி வேண்டியிருந்தது. பழகியதையெல்லாம் ஒன்று விடாமல் ஃப்ளோர் அம்மையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா திட்டறீங்க. ஆனா வரிசையில வாங்கம்மா. இப்ப எல்லாருமே கெட்ட குணம்தான்."