குடத்துக்குள் மூன்று தங்கமீன்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. படித்தது பத்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள். ஆனாலும் ஒருவர் எனக்குச் செய்த காரியத்தை யாராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா? பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது. மதுரையில் வேலை பார்த்த அண்ணன் ஒரு சின்ன மீன்தொட்டியும் மூன்று தங்கமீன்களும் வாங்கி வந்தான். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று முன்னறை ஜன்னலில் வைத்தேன். (பெருமைதான், வேறென்ன?) கோவில்பட்டி வெயில் நாள் முழுக்க அதில் விழுந்தது. பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பாசி. உள்ளே மீன் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கலங்கல் தண்ணீர் தெளிய எங்கள் பக்கம் குடத்துக்குள் தேத்தாங்கொட்டை உரசுவார்கள். நானும் தொட்டிக்குள் உரசினேன். பாசி அசையவில்லை. தண்ணீரை மாற்றலாம் என்றால், குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் நல்ல தண்ணீர்.

அப்போதுதான் விளாத்திகுளம் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடமும், பெண் வாயே திறக்கவில்லை என்று போய்விட்டன. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். வாய்தான் திறக்காது, தொட்டியாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் வருகிற நாளன்று, அம்மா பூ வாங்கப் போன நேரத்தில், மீன்களை அரைக்குடம் நல்ல தண்ணீரில் விட்டேன். பச்சைத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன். பழைய பிளேடால் தொட்டியைச் சுரண்டினேன். மூலைகளில் பாசி தடித்து, ரப்பர் மாதிரி நீளநீளமாக உரிந்து வந்தது. என்ன சந்தோஷம்! வீட்டிலிருந்த மற்ற இரண்டு குடத் தண்ணீரையும் அதில் ஊற்றினேன். (உரிந்தது பாசி இல்லை, கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை.) நாலு மூலையிலும் பீச்சியடித்தது. முன்னறை கண்மாய் ஆனது. துடைத்து, தொட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அம்மா பூவோடு வந்தாள். கூடவே அவர்களும் வந்துவிட்டார்கள். நான் தரை கழுவியதாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர், மீன் இருந்த அந்த அரைக்குடம்தான்.

"ஏட்டி, வெயில்ல வந்திருக்காவ, தண்ணி மோந்துட்டு வா" என்று அம்மா குரல் கொடுத்தாள். நான் அடுப்படியில் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளய ஏன் விரட்டுதீய? நான் மோந்துக்கிடுதேன்" என்று மாப்பிள்ளையின் அம்மாவே உள்ளே வந்துவிட்டார்கள். குடத்தை மூடியிருந்த தட்டைத் தூக்கினார்கள். மூன்று மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"என்னதுட்டி இது?"

"பாசி... சுரண்டுனேன்... ஒழுகிட்டு... வேற தண்ணி இல்ல." அன்று நான் பேசிய மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார்கள். "உசுரோட இருக்குல்லா, விடு" என்று தட்டை மூடினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்கள்.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கு மதினி. இவியளுக்குச் சளி பிடிச்சிக்கிடும். பால் இருந்தா காய்ச்சிக் கொடுங்க."

"எனக்கா? இந்த வெயில்லயா சளி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சளி வெயிலு பாத்தா வருது? பேசாம இருங்க."

அதோடு விட்டார்களா? "பிள்ள உள்ள எங்கிட்ட நல்லாப் பேசுச்சு" என்றும் சொன்னார்கள். அவ்வளவு அழகான பொய்யை அதற்குப் பிறகு நான் யார் வாயிலும் கேட்டதில்லை. என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் தரை ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் மாமாவிடம் அத்தை உண்மையைச் சொன்னார்கள். இன்றும் எங்கள் வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும் மாமா, "குடத்துக்குள்ள பாத்துட்டு மோந்து கொடு தாயி" என்பார்.

பெண் பார்த்த மறுநாள் ஒரு மீன் செத்துப்போனது. சாயங்காலம் தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.