அரை சவுண்டும் ஒரு முழுத் திட்டும்

எங்கள் தெரு ரேஷன் கடைக்குள் ஏரித் தண்ணீர் புகுந்து, எடைத் தராசின் மேல் கெண்டை மீன் துள்ளியதே, அந்த மழைக்கு அடுத்த ஆடி மாதம்தான் அவரை முதலில் பார்த்தேன். அந்த மீனை யார் வீட்டில் குழம்பு வைத்தார்கள் என்பது வேறு கதை. அதில் நானும் இருக்கிறேன், விட்டுவிடுவோம். ஒலிபெருக்கியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அதில் சத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ள உயிரையே விடும் மைக்செட்காரர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். எங்கள் கள்ளிக்குப்பத்தில் அவருக்குப் பெயர் அரை சவுண்டு. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

அன்று கூழ் ஊற்றும் நாள். பக்கத்துத் தெரு மைக்செட் அலறிய அலறலில் எங்கள் கூழ்ப் பானைக்குள் அலை அடித்தது. மானப் பிரச்சினை. எங்கள் ஆட்கள் நாலு பேர் அரை சவுண்டிடம் ஓடினார்கள்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம பாட்டு நமக்கே கேக்கல. ஏத்து!"

"யாருக்குப்பா பாட்டு?"

"ஆத்தாளுக்கு."

"காது கேக்கலன்னு ஆத்தா வந்து உன்னாண்ட சொன்னாளா?"

அவர் சத்தக் குமிழைத் திருகி இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

நான் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் தகடு அடித்தவன். வலது காதில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. அதனால் பாட்டுக் கேட்க அவருடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொள்வேன். அப்படித்தான் பழக்கம். பெட்டியின் முகப்பில் சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். சத்தத்துக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும். ஊரே அம்மனைப் பார்க்கும்போது அவர் முள்ளைப் பார்ப்பார்.

"பயைய பாட்டுல பாரு நைனா. பாடுற அம்மா மூச்சு வாங்குனா முள்ளு எறங்கும். மோளம் ஒரு போடு போட்டா துள்ளும். இப்ப புதுசா வந்தத போடறேன், பாரு."

போட்டார். முள் ஒரே தாவலாகத் தாவி, மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? கம்ப்யூட்டர்ல மெல்லமா கீறத தூக்கி, சத்தமா கீறத அமுக்கி, அல்லாத்தையும் ஒரே ஒசரத்துல நிக்க வச்சிட்றானுங்கோ. ஷேர் ஆட்டோல பன்னெண்டு பேரும் டிரைவர் பக்கத்துலயே குந்தினா எப்டி கீறும்?"

"வண்டி ஓடாதே?"

"ஓடும். உள்ள யார் யாரு கீறாங்கன்னுதான் தெரியாது."

கல்யாணங்களில் அவர் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கெட்டிமேளம் எடுபட வேண்டும் என்று, அதற்கு முன் பாட்டு, மைக் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். ஒரு தடவை மாப்பிள்ளையின் அப்பா கரண்ட் போய்விட்டது என்று ஜெனரேட்டரைப் போட ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் தாலி ஏறிவிட்டது. பெற்ற பிள்ளை கல்யாணத்தை அவர் வீடியோவில்தான் பார்த்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி கன்னியம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு நடந்தது. அவள் இருந்தபோது ஒரு நாள், சமையல்கட்டில் பூண்டு உரித்தபடி நலங்குப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் செல்போனில் பிடித்து வைத்தேன். மகள் செல்விக்கு வளைகாப்பு, காட்டுப்பாக்கத்தில் சின்ன மண்டபம், மைக்செட் அரை சவுண்டுதான். "முதல் வளையல் போடும்போது அம்மா குரல் கேட்கணும்ப்பா" என்றாள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

மருமகன் திருநெல்வேலிப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பிள்ளை. அந்தப் பாட்டை வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தார்.

"மாமா, எல்லாத்தையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவந்துட்டேன். கடைசி வரிசைக்கும் கணீர்னு கேக்கும்."

வளைகாப்பு அன்று காலை, ஜனம் உட்காருவதற்கு முன் போட்டுப் பார்த்தோம். கணீர் என்றுதான் கேட்டது. கன்னியம்மா, குக்கர் விசில், ஃபேன், தெருவில் கோலமாவு விற்றவர், நாலு பேரும் சேர்ந்து பாடினார்கள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஃபேன் ஓடிவந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எங்கம்மா இல்லப்பா. வேணாம், நிறுத்திடுங்க."

மருமகன் முகம் சுண்டிப்போயிற்று. அரை சவுண்டு எழுந்து வந்தார்.

"மாப்ள, நீ ஆசையாத்தான் செஞ்ச. நைனா, மொதல்ல புடிச்சது உன் போன்ல கீதா?"

இருந்தது. கண்ணாடி உடைந்த என் போனை வாங்கி ஒயரில் மாட்டினார். குமிழை அவர் தொடவே இல்லை. ஜனம் வந்து உட்கார்ந்ததும் மைக்கை எடுத்து, ரகசியம் சொல்வது போலப் பேசினார்.

"தாய்மாருங்களே, பாடுறவங்க மெல்லமாத்தான் பாடுவாங்க. நான் ஏத்த மாட்டேன். நீங்கதான் எறங்கணும்."

முதலில், கரண்ட் இருந்தும் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தினார். பிறகு ஃபேன்களை. சமையல்காரர் கையிலிருந்து புளியோதரைக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். முன்வரிசையில் என் அண்ணி ஆசையாக ஒரு முறுக்கை வாயில் வைத்திருந்தாள்.

"அண்ணி, கடிக்காத. அப்டியே ஊறவுடு."

செல்வி கையில் முதல் வளையல் ஏறியபோது மண்டபத்தில் நூறு பேர் வியர்த்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தோம். கன்னியம்மா பாடினாள். முள் அசைந்தும் அசையாமலும் ஆடியது. பூண்டுத் தோல் சரசரத்தது. நடுவில் அவள் மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு என் பாதிக் காதுக்கும் கேட்டது.

பாட்டு முடிகிற இடத்தில் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"யோவ்! இன்னாத்துக்குயா போன நீட்டிகினு கீற?"

முள் பளாரென்று மேலே அடித்தது. நூறு பேரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். அண்ணி முறுக்கைக் கடித்துவிட்டாள். நான் கையில் இல்லாத போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன். இரண்டு வருஷம் கழித்து அவளிடம் முழுசாக ஒரு திட்டு வாங்கினேன். செல்வி கண்ணீரும் சிரிப்புமாக வளையலை ஆட்டினாள். "இதாம்ப்பா அம்மா!"

கும்பல் சாப்பாட்டுக்குப் போனதும் தேடினேன். அரை சவுண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த விசேஷத்துக்குப் போய்விட்டிருந்தார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பிறகு வெள்ளானூரில் மகன் வீட்டுக்கே போய்விட்டார் என்றார்கள். போன் போட்டால் எடுப்பதில்லை. எடுக்க முடியாது, மணிச் சத்தத்தையும் பாதிக்குக் கீழேதான் வைத்திருப்பார்.

வெள்ளானூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். ஏதாவது வீட்டு வாசலில் ஒரு மனிதர் ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். பேத்தி பிறந்திருக்கிறாள். அந்தப் பாட்டைப் போட்டால்தான் தூங்குகிறாள், திட்டு வரும்போது விழித்துக்கொண்டு சிரிக்கிறாள். கள்ளிக்குப்பத்துக் கிழவன் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

கத்த வேண்டாம். மெதுவாகச் சொன்னால் போதும், அவருக்குக் கேட்கும்.