இருநூற்றுப் பதினாலு கட்டங்களுக்குள் ஒரு வீடு

வீடு மாறுவதில்லை என்று புரோகிராமர் முடிவு செய்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்பது அதே முடிவின் இரண்டாம் பகுதி.

அலுவலகம் அடுத்த தெரு. மதியம் வந்து சாப்பிட்டு, சோபாவில் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம். இந்தச் சொர்க்கத்தை யாராவது காலி செய்வார்களா?

மனைவிக்கோ தூக்கமே போய்விட்டது. மூன்றாவது மாடி. மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். குழந்தை தவழ ஆரம்பித்து ஒன்பது நாளாகிறது.

"ஏங்க, வீடு தேடுனீங்களா?"

"புரோகிராமே எழுதிட்டு இருக்கேன். ஊருல காலியா இருக்கிற வீட்டு விளம்பரம் அத்தனையும் ஒரு ஏபிஐ தருது. மொதல்ல அதோட மெட்டாடேட்டாவை எடுத்துட்டேன்."

"அதுல எத்தனை வீடு?"

"அதுல வீடு இருக்காதும்மா. ஒரு வீட்டைப் பத்தி என்னென்ன கேக்கலாம்னு இருக்கும். எத்தனையாவது மாடி, எத்தனை ஜன்னல், வாசல் எந்தப் பக்கம்... இருநூத்திப் பதினாலு கட்டம்!"

"பசிக்குதுன்னா தட்டோட சுற்றளவைச் சொல்றீங்களே!"

அவர் அந்தக் கட்டங்களின் பட்டியலைப் பத்தொன்பது பக்கமாக அச்செடுத்து அவள் கையில் கொடுத்தார். பார்த்தே மலைத்துப்போவாள் என்று நினைப்பு. அவள் மலைக்கவில்லை. குழந்தையை மடியில் இருத்தி, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் டேப்பை எடுத்துத் தன் வீட்டையே மூலைமுடுக்கெல்லாம் அளந்தார். சமையலறை அலமாரி ஏழு. பால்கனி நாலடி. கிழக்கே இரண்டு ஜன்னல். இருநூற்றுப் பதினாலு கட்டத்திலும் அதையே நிபந்தனையாகப் போட்டார். அச்சு அசலாக இன்னொரு வீடு உலகத்தில் எங்கே இருக்கப்போகிறது?

முதல் நாள்: பூஜ்யம்.

"பாத்தியா? நமக்குத் தோதா ஒண்ணுகூட இல்ல."

இரண்டாம் நாளும் பூஜ்யம்.

"என்ன பண்றது? விதி!" என்று பெருமூச்சுகூட விட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் மாலை திரையில் ஒன்று என்று வந்தது.

புரோகிராமர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படத்தைத் திறந்தார். கிழக்கே இரண்டு ஜன்னல். அதன் கீழே சோபா. சோபாவின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தவை, சந்தேகமே இல்லை, அவருடைய கால்கள்.

"ஏம்மா! நம்ம வீடு எப்படி இதுல வந்துச்சு?"

"கீழ்வீட்டு ஓனரம்மாகிட்ட காலி பண்றோம்னு சொன்னேங்க. விளம்பரம் போடத் தெரியலையேன்னு அவங்க முழிச்சாங்க. நீங்க குடுத்த தாள்தான் கையில இருந்துச்சே, கட்டம் கட்டமா நானே அளந்து நிரப்பி, படமும் எடுத்துக் குடுத்துட்டேன்."

"நாம எங்க போறது?"

"பின்தெருவுல, தரைத்தளம். குழந்தையைக் கடைக்குத் தூக்கிட்டுப் போறப்ப பார்த்தேன். 'வீடு வாடகைக்கு'ன்னு கேட்டுல அட்டை தொங்குச்சு. நேரா உள்ள போனேன், பேசினேன். சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு பாருங்க."

காலிங்பெல் அடித்தது.

"வீடு பார்க்க வந்திருக்காங்க போல. குழந்தை இப்பதான் கண்ணு மூடியிருக்கு. நீங்களே சுத்திக் காட்டிடுங்களேன்."

சுற்றிக் காட்டினார். வந்தவர்கள் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அவர் தடுமாறவில்லை. இருநூற்றுப் பதினாலும் மனப்பாடம்.