ஒட்டுக்கு அடியில் இருந்த அறை

அன்பும் மரியாதையும், உங்களிடம் எனக்கு எப்போதும் உள்ள கொஞ்சம் பயமும் கலந்து மச்சானுக்கு எழுதுவது.

அங்கே நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் சௌக்கியம். உங்கள் தங்கைதான் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பதற வேண்டாம், என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறாள். நீங்கள் புத்தகம் பைண்டிங் செய்கிறவர், நல்ல பசை உங்களிடம்தான் கிடைக்கும் என்பதால் இந்தக் கடிதம். பசைக்கும் தங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

எல்லைச் சாவடியில் ஊர்ப்பட்ட ஜனங்களுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, நான் மட்டும் ஒரு தடவைகூட அந்தத் தடுப்புக் கட்டையைத் தாண்டாமல் ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் சும்மா உட்கார்ந்து உங்கள் தங்கையின் சமையலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் அவளே நகராட்சி அலுவலகத்தில் பேசி எனக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்துவிட்டாள். ஊரின் பழைய வரைபடங்களைக் கண்காட்சியில் வைக்கப்போகிறார்களாம், தூசி தட்டித் தர வேண்டும். எங்கள் ஊரில் எல்லை அடிக்கடி நகர்ந்திருக்கிறது அல்லவா, ஒவ்வொரு தடவையும் புது வரைபடம் போட அந்தக் காலத்து ஆட்களுக்குச் சோம்பல். மாறின இடத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து, பழையதன் மேலேயே ஒட்டிவிடுவார்கள். ஒட்டுமேல் ஒட்டு விழுந்து ஒவ்வொன்றும் மெத்தைக் கனம் கனக்கிறது. நான் வீட்டுக்கு எடுத்து வந்ததில், எங்கள் தெருவின் மேல் இருந்த ஒட்டு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு என் கை சும்மா இருக்குமா? கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் காட்டினேன்.

"யாரோ ஒட்டுனதை நீங்க ஏன் பிய்க்கிறீங்க?" என்றாள் உங்கள் தங்கை.

"தூசி தட்டுறேம்மா" என்றேன்.

ஒட்டு அலுங்காமல் கையோடு வந்துவிட்டது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு அடியில் பார்த்தேன். எதிரே தையற்கடையைக் காணோம், வீட்டுக்குப் பின்புறம் ஒரு குளம். எங்கள் வீடு இருக்கிற இடத்தில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வீடுகள், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் அறை, அந்த அறையின் குறுக்கே சிவப்பு மையில் எல்லைக்கோடு. நான் சிரித்து முடிப்பதற்குள் பீரோவுக்குப் பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம். நகர்த்திப் பார்த்தால் சுவரில் கதவு. மச்சான், அந்தச் சுவரில் காலண்டருக்கு ஆணி அடித்தவன் நான். ஆணி இருந்தது, கதவில். நான் ஓரடி பின்வாங்கினேன். உங்கள் தங்கையோ, சாமான் வைக்க இடமில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்புகிறவள், முகமெல்லாம் மலர்ந்து, "பழைய பாத்திரத்தை எல்லாம் இங்க போட்டுடலாங்க" என்கிறாள்.

வரைபடத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு நான் முன்னே போனேன், அவள் பின்னாலேயே வந்தாள். காலி அறை. ஜன்னல் கிடையாது. எதிர்ச் சுவரிலும் அச்சாக இதே மாதிரி ஒரு கதவு. டார்ச் அந்த நேரம் பார்த்தா அணைய வேண்டும்? உங்கள் கல்யாணத்தில் கை கழுவப் போய், வழி தெரியாமல் அடுத்த மண்டபத்து மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து வாழ்த்திவிட்டு வந்தவன் நான், இன்றுவரை நீங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இருட்டில் நானும் ரெண்டு சுற்றுச் சுற்றினேன். ஆனாலும் பதறாமல் சுவரைத் தடவி, கதவைக் கண்டுபிடித்து, ஹாலுக்கு வந்துவிட்டேன். அவள்தான் வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது, தள்ளினால் அசைய மாட்டேன் என்கிறது.

"வெளிய வாம்மா" என்றேன்.

"நீங்க வெளிய வாங்க" என்கிறாள்!

"நான் ஹால்லதான் இருக்கேன்."

அவள் காலடிச் சத்தம் தூரப் போய்த் திரும்பி வந்தது. பிறகு, "ஹால்ல மணி என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்க்கிறேன், கடிகாரத்தைக் காணோம். மேஜையைக் காணோம். என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் எவனுடையதோ ஒரு முக்காலி. என்னைக் கேட்காமல் வீட்டை மாற்றி அடுக்குவது அவளுக்கு வழக்கம்தான், அதற்காக ஸ்விட்சைக்கூடவா எடுப்பார்கள்? கேட்டால், "கரண்ட் இல்லைங்க" என்கிறாள். மேஜைமேல் இருந்த ஒட்டு பத்திரமாகத் தன்னிடம் இருக்கிறதாம். வாசலுக்குப் போனால், தையற்காரர் என் இரண்டு பேண்ட்டோடு கடையையே காலி பண்ணிப் போய்விட்டார். அந்த இடம் பூராவும் தண்ணீர், எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. கரையில் பத்துப் பதினைந்து பேர் தண்ணீரையே பார்த்தபடி நிற்கிறார்கள். வணக்கம் என்றேன், ஒருத்தரும் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முகத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன், எப்படிச் சுற்றினாலும் அவர்கள் முதுகுதான் தெரிகிறது. பேசாமல் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகத் தட்டைத் தள்ளிவிடுகிறாள், சூடாகவே. "அங்க ஏதும்மா அடுப்பு?" என்றால் மூக்கை உறிஞ்சுகிறாள். ஜலதோஷம் போலிருக்கிறது. "பாஸ்போர்ட் இல்லாம எல்லை தாண்டிட்டியே, என் முத்திரைக்கு என்ன மரியாதை?" என்று கேலி பண்ணினேன். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், அவள் இல்லாமல் இது என் வீடு மாதிரியே இல்லை. பயமாக இருக்கிறது.

ஆகவே நல்ல பசை ஒரு டப்பா அனுப்புங்கள். கதவை எப்படியாவது திறந்து அவளை இந்தப் பக்கம் இழுத்த மறுநிமிடமே ஒட்டைப் பழையபடி ஒட்டிவிடுகிறேன். அறை வேண்டாம், பாத்திரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும். தபால்காரர் இந்தப் பக்கம் வருவதில்லை, அவள் பக்கம் வருகிறாராம்! அதனால் இந்தக் கடிதத்தை இடுக்கு வழியாக அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் நன்றாகப் படித்து, முக்கியமாகத் திசை தெரிந்து வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை எப்படியும் மீட்டுவிடப்போகும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுறது. நான் அன்னிக்கே வெளிய வந்துட்டேன். கடிகாரம், மேஜை, அவரோட நாற்காலி எல்லாம் வெச்ச இடத்துலதான் இருக்கு. தையற்காரர் நேத்துதான் பேண்ட்டைக் கொண்டுவந்து குடுத்தார். இவர்தான் இருட்டுல எதிர்க் கதவு வழியா அந்தப் பின்வீட்டுக்குப் போயிட்டார். சொல்ல எனக்கு மனசு வரலை, வீட்டுல இருக்கோம்னு நெனச்சுக்கிட்டாவது தூங்கட்டுமே. பசை அனுப்பாதீங்க. ஒட்டு என்கிட்ட இருக்கு, வரைபடம் அவர்கிட்ட இருக்கு, ரெண்டும் சேந்துச்சுன்னா நான் தட்டை எந்த இடுக்குல தள்ளுவேன்? நீங்க உடனே கிளம்பி வாங்க. இன்னிக்குக் காலைல கெட்டிலை இடுக்குல தள்ள முடியுமான்னு கேட்டார். அடியில இன்னொரு ஒட்டு லேசாத் தூக்கிட்டு இருக்காம். கெட்டில் ஓட்டையாப் போச்சுன்னு பொய் சொல்லிட்டேன்.

"பரவால்லம்மா, இங்க பக்கத்து ரூம்ல யாரோ தண்ணி கொதிக்க வெச்சிட்டாங்க" அப்படின்னார்.